ஊசி நுழையாத பலகை

“உன்னால முடியாதுடி. நீயும் என்னை மாதிரிதான். நாமள்லாம் ஒடைவோமே தவிர வளைய மாட்டோம்.”

அத்தை இதைச் சொன்னபோது அவர் உதடுகளுக்கிடையே குண்டூசிகள் இருந்தன. ஊசியைக் கவ்விக்கொண்டே தெளிவாகப் பேச அவரால் முடியும். நான் கைகளை விரித்தபடி நின்றிருந்தேன். ரவிக்கைக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். “என்னைக்காவது ஒரு நாள் பூம்புகாருக்குப் போயி அவளப் பாத்துட்டு வந்துருவேன் அத்தை” என்று நான் சொன்னதற்குத்தான் அந்தப் பதில்.

‘அவள்’ என் தங்கை. நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பூம்புகாரில் படகுக்குப் போகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். எனக்குப் பின்னால் அவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் நான். அதனால் அவள் போனதை அப்பா அம்மாகூட ஒருவாறு விழுங்கிக்கொண்டார்கள். எனக்குத்தான் இறங்கவில்லை.

அத்தை எனக்கு உறவில்லை. நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் அவர் வீடு. நாங்களும் அவர்களும் ஒரே கிறிஸ்தவ சபை. மற்றபடி அவர்களுக்கு நிலம் இருந்தது, எங்களுக்கு இல்லை. மாமா மஸ்கட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்தார். அத்தை தையல் தைத்தார். ஊருக்கு அவர் ‘மஸ்கட்டு வீட்டம்மா’.

தைத்துப் பிழைத்தவருக்குத் துணியைப் பிடிக்காது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். “துணிய நம்பாத. எவன் இழுக்குறானோ அவன் பக்கம் போவும்” என்பார். அவருக்குப் பிடித்தவை அடிக்கோல், இரும்புக் கத்தரி, தையல் மெஷினின் தேக்குப் பலகை. துணியை அந்தப் பலகைமேல் போட்டு, அதன் மேல் அடிக்கோலை வைத்து அழுத்தும்போது, சொல்பேச்சு கேட்காத பிள்ளையை உட்கார வைப்பதுபோல் இருக்கும்.

எங்கள் சபையில் திடப்படுத்தலுக்கு, அதாவது பதினைந்து வயதில் முதல் நற்கருணை வாங்குகிற சடங்குக்கு, பெண்பிள்ளைகள் போடும் வெள்ளை உடை எல்லாம் அவர் தைத்ததுதான். ஒரு வருஷம் பாஸ்டரம்மாவின் அக்காள் மகள், கழுத்தைக் கொஞ்சம் இறக்கித் தைக்கச் சொல்லி அனுப்பினாள். அத்தை துணியை மடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பாஸ்டரம்மா நேரில் வந்து, “ஒரு விரக்கட தானங்க, எறக்கிக் குடுத்தா என்ன?” என்று கேட்டார்.

“ஒரு விரக்கட எறக்குனா அடுத்த வருசம் ரெண்டு விரக்கட கேப்பாங்க. நீங்க வேற யாருகிட்டயாச்சும் குடுத்துக்குங்கம்மா.”

“கோவமா பேசாதீங்க.”

“கோவமே இல்லம்மா. காபி சாப்பிடுறீங்களா?”

கோபம் இல்லாமலேயே ஒரு கதவைச் சாத்துகிற பழக்கம் அவருக்கு இருந்தது. கோயிலில் பெஞ்சில் உட்கார்ந்தால் முதுகு சாயாது. பிரசங்கம் எவ்வளவு நீண்டாலும் சாயாது. சிறு வயதில் நான் அவருக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து, இன்றைக்காவது சாய்வாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பிரசங்கம் என்னவென்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

நான் திருவாரூரில் கல்லூரியில் சேர்ந்தபோது எனக்கு முதல் சுடிதார் தைத்துக் கொடுத்தவர் அவர்தான். இயற்பியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னேன். அது என்ன என்று அவர் கேட்கவில்லை. என்னைத் திருப்பி நிறுத்தி முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

“குனிஞ்சு நடக்காத. குனிஞ்சா முதுகுத் தையல் இழுக்கும்.”

என் அம்மா நடவு வயலில் குனிந்தே வளர்ந்தவர். வரப்பில் நடக்கும்போதும் பாதி குனிந்துதான் நடப்பார். எதிரில் நிலத்துக்காரர்கள் வந்தால் மீதியும் குனிவார். எனக்கும் அந்த நடை கொஞ்சம் ஒட்டியிருந்தது. அந்தச் சுடிதாரைப் போட்ட நாளிலிருந்து நான் நிமிர்ந்து நடக்கிறேன். கர்வம் பிடித்தவள் என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கர்வத்துக்கு அளவெடுத்துத் தைத்தவர் அவர்.

அவருக்கு ஒரே மகன். சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை பார்த்த வேற்று மதத்துப் பெண்ணை அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டார். முன்னாலேயே போனில் கேட்டிருக்கிறார். அத்தை, “கோயில்ல தாலி கட்டுனா நான் வரேன். இல்லாட்டி எனக்குச் சொல்லாத” என்றாராம். அவரும் அதற்குப் பிறகு சொல்லவில்லை. மாமா மஸ்கட்டை விட்டு ஊருக்கு வந்த பிறகு மாதம் தவறாமல் போன் வரும். அத்தை ரிசீவரை எடுப்பார், குரலைக் கேட்டதும் மாமாவிடம் நீட்டிவிட்டுத் தையல் மெஷினுக்குப் போய்விடுவார். மெஷின் சத்தம் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் வேகமாகக் கேட்கும்.

மாமா மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பியது கண்ணால்தான். சர்க்கரை வியாதி பல வருஷமாகவே அவருக்கு இருந்தது, கவனிக்கவில்லை. திருச்சியில் டாக்டர், கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிகிறது, லேசர் வைத்துப் பார்க்கலாம், எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

மஸ்கட்டிலிருந்து வரும்போது மாமா ஒரு ப்ரொஜெக்டர் வாங்கி வந்தார். தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். “மஸ்கட்டுலேருந்து தங்கக் கட்டியோட வருவாருன்னு பாத்தா, டார்ச்சு லைட்டோட வந்துருக்காரு” என்று டீக்கடையில் ஒருவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. “டார்ச்சு லைட்டுதாங்க. இருட்டப் போவுதுல்ல?” என்றார் மாமா. அவர் அப்படித்தான் பேசுவார். அத்தைக்கு நேர் எதிர். எங்கே வளைய வேண்டுமோ அங்கே தானாக வளைந்துவிடுகிற மனிதர்.

டி.வி. அளவு படம் அவருக்குத் தெரியாது. ஆள் உயரத்துக்கு வந்தால் முகம் அடையாளம் தெரியும். அதனால் ஹாலில் சுவர் முழுக்க அகலமாக ஒரு வெள்ளைத் திரை. அத்தைதான் சட்டம் அடித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினார். மகனின் திடப்படுத்தலை எடுத்த பழைய கேசட் ஒன்று இருந்தது. பதினைந்து வயதுப் பையன் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக எங்கள் கோயில் பீடத்தின் முன்னால் முழந்தாளிடுவான். அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

சிக்கல் அங்கேதான் வந்தது. பழைய கேசட்டுப் படம் அகலம் குறைந்தது. திரையின் நடுவில் மட்டும் விழும். இரண்டு பக்கமும் மிச்சம் இருக்கிற வெள்ளையில் ப்ரொஜெக்டரின் வெளிச்சம் சாம்பல் நிறத்தில் பூசினாற்போல் படியும். நல்ல கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. மாமாவின் கண்ணுக்குப் படமும் சாம்பலும் ஒன்றோடொன்று கரைந்தன.

“எது பையன், எது சொவருன்னு தெரியலயே” என்றார் ஒரு நாள்.

அத்தை எழுந்து போனார். மாமாவின் பழைய கறுப்புக் குடைகள் இரண்டை விரித்துப் படத்தின் இரு ஓரத்திலும் பிடித்தார். ஒன்றை அவர் பிடித்தார், இன்னொன்றை நான். கறுப்பு வந்து அணைத்ததும் நடுவில் இருந்த பையன் பளிச்சென்று எழுந்து நின்றான்.

“ஆங், இந்தா தெரியுறான் பாரு!” என்று மாமா நாற்காலியில் முன்னுக்கு வந்தார். “காது ரெண்டும் எப்படி நீட்டிக்கிட்டு நிக்குது!”

“உங்க காதுதான்” என்றார் அத்தை குடைக்குப் பின்னாலிருந்து.

மறுநாளே இரண்டு பக்கமும் கறுப்புத் துணியைத் திரைச்சீலைபோல் தொங்கவிட்டார். மின்விசிறி ஓடியதும் அதன் ஓரம் அலைந்தது. படத்தின் விளிம்பும் சேர்ந்து அலைந்தது. “சொன்னேன்ல? துணி” என்று அவிழ்த்துப் போட்டார். விறைப்பான ஏதாவது ஒன்றில் துணியை ஒட்டி நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து குறுந்தகடு வந்திராவிட்டால்.

அதில் மகனின் கல்யாண வரவேற்பு. புதுக் காமிராவில் எடுத்தது; திரை முழுக்க நிறைகிற அகலப் படம். மாமா அதைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். “இந்தாம்மா” என்று அத்தையை அழைத்தார். “பலகையோ அட்டையோ, நகர்ற மாதிரி செஞ்சுடு. பழசு போட்டா உள்ள தள்ளிக்கலாம், புதுசு போட்டா வெளிய இழுத்துக்கலாம்.”

அத்தை அடிக்கோலை எடுத்துத் திரையின் ஓரத்தை அளந்தார். பிறகு, “வளையாத சாமானாக் கெடச்சா செய்யலாம்” என்றார்.

அது ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய தேடல்.

முதலில் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி. அட்டைக்குள் ஓடும் வரிகள் ஒரு பக்கமாகவே இருப்பதால்தான் மடிகிறது, இரண்டு அட்டைகளை வரி குறுக்கே வருகிற மாதிரி ஒட்டினால் நிற்கும் என்று நான் சொன்னேன். அத்தை என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்படியே ஒட்டினார், நின்றது. பெருமையாக இருந்தது எனக்கு. ஐப்பசி மழை வந்தது. சுவரெல்லாம் வியர்த்து, அட்டை நமத்துப்போன அப்பளம்போல் தொங்கியது.

பிறகு கோயில் கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் மிஞ்சிய தெர்மகோல். காற்றைப்போல் லேசு, கோடு போட்ட மாதிரி நேர். ஆனால் தள்ளும்போதெல்லாம் முனை தின்னப்பட்டு, வெள்ளைப் பொடி உதிர்ந்து வெளிச்சத்தில் பறந்தது. “என்னம்மா, பனி பெய்யுதா நம்ம கோயில்ல?” என்றார் மாமா.

ப்ளைவுட் திருவாரூரிலிருந்து வந்தது. கடையில் படுக்க வைத்தபோது தண்ணீர்போல் தட்டையாக இருந்தது. ஒரு முகத்தில் மட்டும் துணியை ஒட்டினோம். ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்க, வில்லாகிவிட்டது. இரண்டு முகத்திலும் ஒட்டினால் சரியாகும் என்றேன். ஒட்டினோம். கிட்டத்தட்ட சரியாகவும் ஆனது.

ஆனால் அத்தையிடம் கிட்டத்தட்ட என்று ஒன்று கிடையாது. அவர் ஒரு சோதனை வைத்திருந்தார். பலகையைச் சுவரோடு சாய்த்து நிறுத்துவார், அடிக்கோலை அதன் விளிம்பில் வைப்பார், கோலுக்கும் பலகைக்கும் நடுவில் தையல் ஊசியைச் செருகிப் பார்ப்பார். ஊசி நுழைந்தால் வேண்டாம். ப்ளைவுட்டில் ஊசி நுழைந்தது. குளியலறைக் கதவுக்குப் போடுகிற பிளாஸ்டிக் பலகை வந்தது. சித்திரை வெயிலில் அதுவும் தளர்ந்தது, ஊசி நுழைந்தது.

ஜன்னலுக்கு அடிக்கிற அலுமினியச் சட்டம் நான் சொன்னது. அதை நாலு மூலையும் பூட்டி, துணியை இழுத்துக் கட்டினால் மழையும் தொடாது வெயிலும் தொடாது. கடையிலிருந்து நானே ஒரு துண்டு வாங்கி வந்து காட்டினேன். அத்தை அதை முழங்காலில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். வளைந்தது.

“பாத்தியா?”

“யாரு அத்தை அத முட்டியில வச்சு அழுத்தப் போறாங்க? அது சும்மா சொவத்துல நிக்கப் போவுது!”

“வளையுறது என்னைக்கிருந்தாலும் வளையும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சட்டத்தைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வருகிற வழியில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இவ்வளவு காலமும் பழைய கேசட் பார்க்க இடைஞ்சல் ஏதும் இருக்கவில்லை. வேண்டாமென்று தள்ளிய அந்த ப்ளைவுட்டையே உள்ளே தள்ளி ஆணி அடித்து நிறுத்தியிருந்தார். முழந்தாளிடும் பையனுக்கு அது போதுமான அளவு நேராகத்தான் இருந்தது. நகர வேண்டும் என்ற பேச்சு வரும்போதுதான் எல்லாப் பொருளும் வளைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். எனக்குக் காய்ச்சல், போகவில்லை. மாமா தெருவில் யாரையோ விட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது ஹாலில் இருட்டு. குறுந்தகட்டைத் தானே தடவித் தடவிப் போட்டிருந்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. ப்ளைவுட் இரண்டும் உள்ளே நின்றதால் படத்தின் இரண்டு ஓரமும் கறுப்புத் துணியில் விழுந்து அமுங்கியிருந்தன.

“ஏம்மா, நடுவுல வெள்ளையா ஒசரமா ஒண்ணு தெரியுதே, அது மருமவளா?”

நான் பார்த்தேன். “கேக்கு மாமா.”

“கேக்கா?”

“ஆமாம் மாமா. மாடி மாடியா வச்ச கேக்கு. அவங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிக்குறாங்க. பலகை மறைக்குது.”

மாமா சிரிக்க ஆரம்பித்தார். “அடப்பாவமே, அப்பலேருந்து கேக்குக்கா நான் ஆசீர்வாதம் பண்ணிக்கிட்டிருக்கேன்!” சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைப்பது நிற்கவில்லை. நான் போய் ஒரு பலகையின் முனையைப் பிடித்தேன். ஆணியை நெம்பினால் வந்துவிடும்.

“வேணாம்மா, விட்டுடு.”

“ஒரு நிமிசம் மாமா, புடுங்கிடுறேன்.”

“வேணாம். அவ கையால நவுத்தட்டும். நவுத்துவா. எனக்கு அவளத் தெரியும்.”

கோயில் மணி அடித்தது. படத்தை நிறுத்திவிட்டு நான் வந்துவிட்டேன். அதை அத்தையிடம் நான் சொல்லவில்லை. மாமா சொன்னாரா, தெரியாது. ஆனால் அந்த வாரம் அத்தை தச்சு ஆசாரியிடம் தேக்குப் பலகைக்குச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நல்ல காய்ந்த தேக்கு, வளையவே வளையாது, வருவதற்குத் தை ஆகும் என்றாராம் ஆசாரி. அத்தையும் சரி என்றாராம். இந்த முறை அவர் நிஜமாகத்தான் சொன்னார் என்று நான் நம்புகிறேன்.

கார்த்திகையில் ஒரு காலை மாமா எழுந்து, “கரன்ட் இல்லையா?” என்று கேட்டார். ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். கண்ணுக்குள் ரத்தம் கொட்டிவிட்டது என்றார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிந்தது.

நான் பார்க்கப் போனபோது வீட்டுக்குள் சுத்தியல் சத்தம். அத்தை சமையலறை ஓரத்தில் பத்தாயத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் மாமியார் காலத்து நெல் பத்தாயம். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு அதற்குள் பழைய பாத்திரம்தான் கிடந்தது. அதில் கைவைக்கக் கூடாது என்று எத்தனையோ முறை மற்றவர்களைத் தடுத்தவர் அவர். முன்பக்கப் பலகைகள், கால்களில் பள்ளமாக வெட்டிய காடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்குபவை. அவற்றை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, நிமிர்த்தி வைத்து, பின்னால் குறுக்குக் கட்டை அடித்தார். காடி வெட்டிய கால்கள் இரண்டையும் படுக்கப் போட்டுத் திரைக்கு மேலும் கீழும் பொருத்தினார். கறுப்புக் குடைத் துணியைப் பிரித்து மேலே ஒட்டினார். ஆசாரியைக் கூப்பிடவில்லை. என்னைத் தொட விடவில்லை. “அந்த முனையப் புடி”கூடச் சொல்லவில்லை. ஒரு வருஷமாக ஆகாத வேலை, அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முடிந்தது.

பலகைகள் பழையவை. ஒன்றின் விளிம்பு நடுவில் உள்வாங்கியிருந்தது. ஊசி என்ன, கோணி ஊசியே நுழையும். அடிக்கோல் பக்கத்தில்தான் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

மாமாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். குறுந்தகட்டைப் போட்டார். பிறகு பலகையைப் பிடித்துத் தள்ளினார். முன்பு செய்து பார்த்த பலகைகளுக்கெல்லாம், தள்ளும்போது சத்தம் வரக் கூடாது என்று அடியில் துணி வைப்பார். இதில் வைக்க நேரமில்லை. மரம் மரத்தில் உரசி, நெல் வண்டி திரும்புவதுபோல் கரகரவென்று வீடு முழுக்கக் கேட்டது. ஒரு பக்கம். பிறகு மறுபக்கம்.

மாமா தலையைத் திருப்பினார்.

“தொறந்துட்டியா?”

“ம்.”

“முழுசாவா?”

“முழுசாத்தான்.”

இசை ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மாமா, “சரி, சொல்லு. என்ன தெரியுது?” என்றார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். அத்தை பேச மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முதுகு நேராகத்தான் இருந்தது.

“வர்றான். எளச்சிட்டான். கோட்டு போட்டுருக்கான், தோளு நிக்கல. அளவெடுக்கத் தெரியாத எவனோ தச்சிருக்கான்.”

“அதெல்லாம் கெடக்கட்டும். பொண்ணு?”

“ஒசரமா இருக்கு. மூக்குத்தி போட்டுருக்கு. அவன் காதுல என்னமோ சொல்லுது. அவன் சிரிக்கிறான்.” நிறுத்தினார். “சிரிச்சா உங்கள மாதிரி இருக்கான்.”

“பொண்ணு சிரிக்குதா?”

“சிரிக்குது. நல்லாத்தான் சிரிக்குது.”

“கேக்கு இருக்கா?” என்றார் மாமா.

“இருக்கு. ஏன்?”

“ஒண்ணுமில்ல. நமக்குத் தெரிஞ்ச கேக்கு.”

அத்தைக்கு அது புரியவில்லை. மாமா கையை நீட்டித் துழாவினார். அந்தக் கை அத்தையின் தலைமேல் வந்து நின்றது. படம் முடிகிறவரை அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். யார் என்ன கலரில் வந்தார்கள், எந்த ரவிக்கை கை சரியில்லை, எந்தக் கிழவர் மாமாவின் பெரியப்பா ஜாடை என்று ஒன்று விடாமல். முடிந்ததும் மாமா, “திரும்பப் போடு” என்றார். அத்தை திரும்பப் போட்டுத் திரும்பவும் சொன்னார். அவர் குரல் எங்கும் உடையவில்லை. நான்தான் வெளியே வந்து, அடிபம்பில் தண்ணீர் அடிக்கிற சாக்கில் நின்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. அடுத்த போன் வந்தபோதும் ரிசீவரை மாமாவிடம்தான் நீட்டினார். பலகை எவ்வளவு தூரம் நகர்ந்ததோ அவ்வளவுதான் அவரும் நகர்ந்தார். தையில் ஆசாரி தேக்குப் பலகையோடு வந்தார்; ஊசி நுழையாத பலகைதான். அத்தை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோழிக்கூண்டுக்கு மூடி செய்துவிட்டுப் போகச் சொன்னார்.

மறு வருஷம் மாமா போனார். மகனும் மருமகளும் அடக்கத்துக்கு வந்தார்கள். மகன் காலில் விழுந்தபோது அத்தை அசையாமல் நின்றார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்றாம் நாள், மருமகள் அடுப்படியில் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவி, “இந்தா, கையத் தூக்கு” என்றார். அந்தப் பெண் பயந்துபோய்க் கையைத் தூக்கினாள். அத்தை அளவெடுத்து ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். அவர் கொடுத்த மன்னிப்பும் அதுதான், கேட்ட மன்னிப்பும் அதுதான்.

எனக்கு ரவிக்கைக்கு அளவெடுத்தபடி, உன்னால முடியாது என்று சொன்னது அதற்கு ஒரு மாதம் கழித்து. சொல்லிவிட்டு ஊசிகளை வாயிலிருந்து எடுத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கூடச் சொல்வார் என்று காத்திருந்தேன். “கைய எறக்கு, முடிஞ்சிது” என்றார்.

நான் வேலை கிடைத்து, அப்பா அம்மாவோடு சென்னைக்கு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். போன மாதம் சிங்கப்பூர் அண்ணன் நன்னிலத்திலிருந்து போன் செய்தார். அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார்; அடக்கம் முடிந்து, வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறார்கள். என் பழைய நம்பர் மாறிப்போனதால் முன்னமே சொல்ல முடியவில்லை, இப்போதுதான் சபையில் ஒருவரிடம் புது நம்பர் கிடைத்தது என்றார்.

“அந்தத் தெரை, பலகையெல்லாம் அப்படியே இருக்கும்மா. உனக்கு எதாச்சும் வேணுமா?”

நான் ஒன்றுதான் கேட்டேன். “பலகை உள்ள இருக்கா அண்ணே, வெளிய இருக்கா?”

“வெளியத்தான். செவத்தோட ஒட்டித் தள்ளியிருக்கு. நான் சின்னப் புள்ளையா இருக்கற கேசட்டத்தான் கடைசிவரைக்கும் போட்டுப் பாத்துருக்காங்க. அதுக்குக்கூட மூடலையாம். ரெண்டு பக்கமும் சாம்பலா அடிக்குமே, அதோடயே பாப்பாங்களாம். பக்கத்து வீட்டுல சொன்னாங்க.”

அத்தை சாம்பலைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் நினைத்துப் பார்த்தேன். முதுகு சாய்ந்திருக்காது. அதில் சந்தேகமில்லை.

அன்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டியின் அடியிலிருந்து அவர் கடைசியாகத் தைத்துக் கொடுத்த ரவிக்கையை எடுத்துத் தேய்த்தேன். மயிலாடுதுறையில் பஸ் மாறினேன். பூம்புகாரில் இறங்கி, தங்கையின் கணவர் பெயரைச் சொல்லிக் கேட்டதும் மீன் கூடையோடு போன ஓர் அம்மா, “அந்தா, வலை காயுது பாருங்க, அந்த வீடுதான். நீங்க அக்காவா? மொகம் அப்படியே இருக்கு” என்றார்.

வாசலுக்கு முன்னால் போட்டிருந்த கீற்றுக் கொட்டகை மிகவும் தாழ்வாக இறங்கியிருந்தது. உள்ளே அவள் யாருக்கோ சோறு ஊட்டும் குரல் கேட்டது. நிமிர்ந்தபடி அதற்குள் போக வழியில்லை.

குனிந்தேன். முதுகில் தையல் இழுத்தது. இழுக்கட்டும் என்று உள்ளே போனேன்.